நாலாவது மாடியில் யாரும் இல்லை

அந்த ஊரில் எந்த வேலைக்காரரும் எந்த வீட்டுக்குள்ளும் பூட்டி வைக்கப்படவில்லை என்பது அரசாங்கத்தின் முடிந்த முடிவு. முடிவு எடுத்த பிறகுதான் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு துறையை ஏற்படுத்தினார்கள். வீட்டுப் பணியாளர் விடுதலை மற்றும் நல்வாழ்வுத் துறை என்று பெயர். பெயர்ப்பலகை நீண்டுபோனதால் அதைத் தாங்குகிற அகலத்தில் ஒரு கட்டடம் தேடுவதிலேயே முதல் வருஷம் போயிற்று. அதற்கப்புறம் துறை ஓய்ந்து உட்காரவில்லை. ஆய்வாளர்கள் தெருத்தெருவாகப் போனார்கள், மாடி மாடியாக ஏறினார்கள், கண்ட மணியையெல்லாம் அழுத்தினார்கள். இன்றுவரை ஒரே ஒரு பூட்டிய வீட்டைக்கூட அவர்கள் கண்டுபிடித்ததில்லை.

இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. ஆய்வு முறை அப்படி. வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டால் ஆய்வாளர் உள்ளே போகலாம். கதவு திறந்த வீடு பூட்டிய வீடு ஆகாது. வீட்டுக்காரர் இல்லாமல் வெளியே பூட்டு தொங்கினால், ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று எழுதிக்கொண்டு வந்துவிட வேண்டும். யாரும் இல்லாத வீட்டில் யாரைப் பூட்டி வைக்க முடியும்? மூன்று அதிகாரிகள் வெளிநாட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து உண்டாக்கிய முறை இது. குறை சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

நாலாவது மாடி வீட்டில் இருந்த பெண்ணுக்கு மட்டும் இந்த முறை தெரியாது. கீழே தெருவில் ஒரு வண்டி ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு போனது அவளுக்குக் கேட்டிருந்தது. “பூட்டிய வீட்டில் வேலை செய்பவரா நீங்கள்? கலங்க வேண்டாம். உங்களைத் தேடி நாங்கள் வருகிறோம்!” அடுப்படி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டவள், வருகிறவர்கள் வந்துவிடுவார்கள் என்றே நம்பினாள். நம்புவதற்கு அவளிடம் வேறு ஒன்றும் கைவசம் இல்லை.

அந்த வீட்டில் அவளுக்கு ‘இந்தா’ என்று பெயர். ‘இந்தா, டீ.’ ‘இந்தா, என் கண்ணாடி எங்கே?’ ‘இந்தா, எத்தனை தடவை கூப்பிடறது?’ பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது அவளுடைய அடையாள அட்டையில் இருந்தது. அட்டை வீட்டுக்கார மேடத்தின் அலமாரியில் இருந்தது. அவளுடைய செல்போனும் அங்கேதான், சம்பளமும் அங்கேதான். எல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். அவளுக்குச் சொந்தமானதில் அந்த அலமாரிக்கு வெளியே இருந்தது அவள் ஒருத்திதான். அவளையும் பத்திரமாக வைக்க வாசலில் ஒரு பூட்டு இருந்தது.

வேலைக்குச் சேர்த்துவிட்ட தரகர், ஒரே ஆளுக்குச் சமையல், ஞாயிற்றுக்கிழமை லீவு, வருஷத்துக்கு ஒரு தடவை ஊர், நல்ல காற்றோட்டமான வீடு என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினார். மனிதரைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது. காற்று நன்றாகவே வந்தது.

மேடமும் கெட்டவர் இல்லை. வந்த அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டார்: “என்னை மேடம்னு கூப்பிடாதே, எனக்குக் கூச்சமா இருக்கு. அக்கான்னு கூப்பிடு. நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி.”

மேடம் அவளைவிட வயதில் இளையவர். ஆனாலும் அக்கா. லீவு கேட்டால், “வீட்டுப் பொண்ணு வீட்டுலேருந்து லீவு எடுப்பாளா?” என்பார். சம்பளம் கேட்டால், “வீட்டுப் பொண்ணு கணக்குப் பார்ப்பாளா? என்கிட்ட இருந்தா என்ன, உன்கிட்ட இருந்தா என்ன?” என்பார். எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரத்தில் மட்டும் அந்த ‘மாதிரி’ என்கிற சொல் நடுவில் வந்து கையை நீட்டி மறித்துக்கொண்டு நிற்கும். அவள் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டுவிடுவாள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். பொறுக்க முடியாமல் போனது மகள் விஷயத்தில். மகளுக்குத் தலைப்பிரசவம். மாசக் கடைசி என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரத்துக்கு ஒருமுறை மேடத்தின் போனில், மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் பேச அவளுக்கு அனுமதி உண்டு.

“அம்மா, நீ வந்துடுவ இல்ல?”

“வந்துடுவேன்டி.”

“எனக்குப் பயமா இருக்கும்மா. நீ பக்கத்துல இல்லாம நான் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டேன்.”

“பயப்படாதே கண்ணு,” என்று நடுவில் மேடம் ஆறுதல் சொன்னார். “குழந்தை பிறந்ததும் ஒரு வீடியோ போட்டுடு. அம்மா இங்கேருந்தே பார்த்துடுவாங்க. இப்பல்லாம் எல்லாமே அப்படித்தான்.”

அந்த வாரத்தில்தான் ஒரு நாள் மணி அடித்தது.

மேடம் வெளியே போயிருந்தார். கதவில் வெளித்தாழ்ப்பாள், அதில் பூட்டு. அவள் ஓடிவந்து கதவிலிருந்த கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள். வெளியே ஒரு வழுக்கைத் தலை, மூக்கின் நுனியில் ஒரு கண்ணாடி, கழுத்தில் தொங்கும் துறையின் அட்டை. படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“வீட்டுல யாரு?”

“நான் இருக்கேன் சார்!”

“வீட்டுக்காரங்களா?”

“இல்ல சார், இங்க வேலை செய்யறவ. என்னை உள்ளே வெச்சு வெளியே பூட்டிட்டுப் போயிருக்காங்க.”

“அப்ப வீட்டுல யாரும் இல்ல.”

“நான் இருக்கேனே சார்!”

“நீங்க இருக்கறது எனக்குக் கேக்குதும்மா. நான் கேக்கறது வீட்டுல யாராவது இருக்காங்களான்னு.”

அவளுக்கே ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது. கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தாள். “சார், பூட்டைத் தொறந்து விடுங்க. சாவி அங்கேயே இருக்கு. உங்க இடது கால் பக்கத்துல பூந்தொட்டி இருக்கா, அதுக்குக் கீழே. அக்காவோட தங்கச்சி வந்தா எடுக்கட்டும்னு வெச்சுட்டுப் போவாங்க.”

துளையிலிருந்து வழுக்கைத் தலை மறைந்தது. தொட்டி தரையில் உராயும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் அவள் மகளின் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டாள். தலை மறுபடி துளையில் வந்தது.

“ஆமா, இருக்கு.”

“எடுத்துத் தொறங்க சார்!”

“ஐயோ, தொடக் கூடாதும்மா. நீங்க சொன்னது நிஜமான்னு மட்டும்தான் பார்த்தேன். அடுத்தவங்க பூட்டுல கை வெக்கக் கூடாதுன்னு எங்க இயக்குநரே சுத்தறிக்கை போட்டிருக்காரு. வீட்டுக்காரங்க தொறந்து விட்டாத்தான் நாங்க உள்ளே வரணும்.”

“அவங்கதானே சார் பூட்டினது!”

“அதனாலதான் அவங்ககிட்ட அனுமதி கேக்கணும்.” தொட்டி திரும்பத் தன் இடத்துக்குப் போகும் சத்தம் கேட்டது. “நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஆபீசுக்கு வந்து ஒரு புகார் குடுங்க. நேர்ல வந்து குடுத்தாத்தான் எடுத்துப்பாங்க.”

“வெளியே வர முடியலைங்கறதுதான் சார் புகாரே.”

“அதைத்தான் வந்து சொல்லணும்.”

“எப்படி சார் வர்றது?”

“பஸ் இருக்கும்மா. ஆபீஸ் வாசல்லயே நிக்கும்.”

நல்ல மனிதர். குரலில் ஈரம் இருந்தது. மனசைத் தளரவிட வேண்டாம் என்றும், காலம் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது என்றும் கதவிடம் சொன்னார். அதன்பின், முறைப்படி அக்கம்பக்கத்துச் சாட்சி ஒன்று வேண்டும் என்பதற்காக எதிர்வீட்டு மணியை அழுத்தினார். எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்தார்.

“இந்த வீட்டுல வேலை செய்யறவங்களை எப்படிங்க நடத்தறாங்க?”

“அதுக்கென்ன சார், வீட்டு மனுஷங்க மாதிரி பாத்துக்கறாங்க.”

“உள்ளேருந்து யாரோ பேசற மாதிரி இருக்கே?”

“டிவியா இருக்கும்.”

“டிவி இல்லம்மா, நான்தான்!” என்று அவள் கதவைத் தட்டினாள்.

“பாத்தீங்களா, சத்தத்தை எவ்வளவு வெக்கறாங்க!” என்றார் எதிர்வீட்டு அம்மாள். சாட்சி முடிந்தது. ஆய்வாளர் ஒரு தாளைக் கதவிடுக்கில் செருகினார். ‘வந்தோம். வீட்டில் யாரும் இல்லை. மாதக் கடைசி சனிக்கிழமை மாலை மீண்டும் வருவோம்.’

அன்று சாயந்திரம் மேடம் அந்தத் தாளைப் படித்தபோது இந்தா அடுப்படிக்குள் ஒதுங்கிக்கொண்டாள். மேடத்துக்கோ முகம் மலர்ந்தது.

“இதுக்கெல்லாம் ஒரு துறை இருக்கா! எனக்குத் தெரியவே தெரியாதே!”

மேடம் ஒரு மகளிர் வட்டத்தின் தலைவி. வட்டம் ஒரு பருவம் பிளாஸ்டிக்கை வெறுத்தது. அடுத்த பருவம் மூச்சுவிடக் கற்றுக்கொண்டது. அதுவரை எப்படி விட்டார்களோ தெரியாது. அதற்கடுத்த பருவம் எல்லோரும் ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பருவத்துக்கு இன்னும் எதுவும் அமையாமல் தலைவி தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தத் தாள் வந்து சேர்ந்தது. ‘பூட்டிய கதவுகள்: ஓர் அனுபவ மாலை’ என்று அன்று ராத்திரிக்குள் பெயர் வைத்தாயிற்று. இயக்குநரையே சிறப்பு விருந்தினராக அழைத்தாயிற்று. அவர் தமக்கு ஒழிவான ஒரு நாளைச் சொன்னார். மாதக் கடைசி சனிக்கிழமை மாலை.

இயக்குநர் எங்கே போகிறார் என்று ஆய்வாளருக்குத் தெரியாது. ஆய்வாளர் எங்கே போகிறார் என்று இயக்குநருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இரண்டும் ஒரே நாள் என்பதைக் கவனித்தவள் இந்தா ஒருத்திதான். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அன்று மேடம் வீட்டில் இருப்பார், கதவு திறந்திருக்கும், வழுக்கைத் தலை ஐயா உள்ளே வருவார், வீட்டில் ஆள் இருப்பதைத் தன் கண்ணாலேயே பார்ப்பார்.

இருந்தாலும் முறையாகக் கேட்டுவிடலாமே என்று ஒரு தடவை கேட்டாள். “அக்கா, பொண்ணுக்கு நாள் நெருங்குது. ஒரு வாரம் போயிட்டு ஓடி வந்துடறேன்.”

மேடம் அவளை வருத்தத்தோடு பார்த்தார். “ஊர்ல எத்தனையோ பெண்கள் பூட்டின வீட்டுக்குள்ள கிடந்து தவிக்கறாங்க. நாங்கல்லாம் தூக்கம் இல்லாம அவங்களைப் பத்திக் கவலைப்பட்டுட்டு இருக்கோம். நீ இப்பப் போய் உன் சொந்த விஷயத்தைப் பேசறியே, இந்தா?”

அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

விழாவுக்கு வருகிறவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வெளிர்நீலப் பட்டைகள் வேண்டும் என்றார்கள். ‘நான் கவனிக்கிறேன்’ என்ற வாசகத்தைப் பட்டை பட்டையாகத் தைத்து முடித்தவள் அவள்தான்.

சனிக்கிழமை வந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. எதிர்வீட்டு அம்மாள் முன்வரிசையில் இருந்தார். இயக்குநர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எமது துறையின் இமைகொட்டாத விழிப்பின் பயனாக, இந்நகரில் பூட்டிய வீடு ஒன்றுகூட இதுநாள்வரை கண்டறியப்படவில்லை என்பதைப் பெருமிதத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.”

பலத்த கைத்தட்டல்.

“ஆயினும் நாம் அசந்துவிடலாகாது. சிக்கிக்கொண்ட பணியாளரை எப்படி அடையாளம் காண்பது? அவருடைய அட்டையை வேறொருவர் வைத்திருப்பார். அவர் தனியாக வெளியே போக மாட்டார். எல்லோரும் சாப்பிட்ட பிறகே சாப்பிடுவார். அவரை ஏதாவது கேட்டால் பதில் இன்னொருவரிடமிருந்து வரும்.”

“இப்படிப்பட்டவங்களை நாங்க எங்க போய்ப் பார்க்கலாம் சார்?” என்று ஓர் அம்மாள் உருக்கமாகக் கேட்டார்.

“அதுதான் இதிலுள்ள பெரிய சிக்கல்,” என்று இயக்குநர் பெருமூச்சு விட்டார். “அவர்கள் கண்ணிலேயே பட மாட்டார்கள்.”

“டீ சார்,” என்றாள் இந்தா, தட்டை நீட்டியபடி.

இயக்குநர் கோப்பையை எடுத்துக்கொண்டார். நல்ல டீ. “உன் பேர் என்னம்மா?”

“அவளுக்கு ரொம்பக் கூச்ச சுபாவம் சார்,” என்றார் மேடம். “எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி.”

“மிக்க மகிழ்ச்சி,” என்று இயக்குநர் அறிகுறிகளுக்குத் திரும்பினார்.

பேச்சு முடிந்ததும் அனுபவம் தொடங்கியது. ஏற்பாடு மேடத்துடையது. வந்தவர்கள் எல்லோரும் தங்கள் போனையும் அடையாள அட்டையையும் ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். பிறகு கால் மணி நேரம் பூட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தப் பெண்களின் வேதனையை உணர வேண்டும். எல்லோருக்கும் புரியட்டும் என்று மாதிரிக்கு ஓர் அட்டையையும் பழைய செல்போன் ஒன்றையும் மேடம் முதலிலேயே கூடைக்குள் வைத்திருந்தார்.

“ஆகா, எவ்வளவு தத்ரூபம்!” என்று இயக்குநர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கே பிடிச்சீங்க இதை?”

“வீட்டுலயே இருந்தது சார்.”

இயக்குநர் தம்முடைய அட்டையையும் அதன்மேல் போட்டார். கூடை நிரம்பியது. உள்ளே இருந்தால் கை தானாகப் போனைத் தேடும் என்று, கூடையை வெளியே வைத்துவிடுவதென முடிவாயிற்று. அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. பூட்டு வெளிப்பக்கத்தில்தான் இருக்கிறது. யாராவது வெளியே நின்று பூட்ட வேண்டும். அனுபவத்தை இழக்க யாருக்கும் மனமில்லை. அம்மாள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செய்தே தீர வேண்டிய ஒரு வேலை. ஆனால் ஒருத்தருக்கும் செய்யப் பிடிக்காத வேலை. அந்த வீட்டில் அப்படிப்பட்ட வேலைகள் எப்போதும் எங்கே போகுமோ, கண்களெல்லாம் அங்கே போயின.

“இந்தா,” என்றார் மேடம், பூட்டையும் சாவியையும் நீட்டி. “நீ வெளியே நின்னு பூட்டிக்கோ. நான் மூணு தட்டு தட்டினதும் தொற. கூடையைப் பத்திரமா பாத்துக்கோ.”

அவள் வெளியே வந்தாள். தாழ்ப்பாளைப் போட்டாள். பூட்டை மாட்டித் திருகினாள்.

அந்த நடைபாதையை அவள் நின்று பார்த்ததே இல்லை. துளை வழியாகப் பார்க்கும்போது வளைந்து தெரிந்த சுவர் நிமிர்ந்து நின்றது. பூந்தொட்டியில் இருந்த செடி, பிளாஸ்டிக். உள்ளே இயக்குநர், “கண்களை மூடிக்கொள்ளுங்கள். உங்களுக்கு யாருமில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்,” என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ விசும்பினார்கள். அவள் குனிந்து, கூடையில் இயக்குநரின் அட்டையை நகர்த்தி, அடியிலிருந்து தன்னுடையதை எடுத்தாள். போனையும் எடுத்தாள். அதன் உறைக்குள் அவள் மடித்து வைத்திருந்த பஸ் காசு அப்படியே இருந்தது. மற்றவற்றின்மேல் தூசி படாமல் தோளில் கிடந்த துண்டை விரித்து மூடினாள்.

எடுத்த பிறகும் அவள் போகவில்லை. சாவியும் கையுமாகக் கதவுக்கு முன்னால் அப்படியே நின்றாள். கால் மணி நேரமும் நின்றாள். நிற்கச் சொன்னால் நின்று பழகிய கால்கள்.

கதவு மூன்று முறை தட்டப்பட்டது. அவளுடைய கை தன்னாலேயே பூட்டுக்குப் போனது. சாவியை நுழைத்துவிட்டாள். அப்போது உள்ளேயிருந்து மேடத்தின் குரல் வந்தது.

“இந்தா! சீக்கிரம் தொற. தட்டு, கோப்பை எல்லாம் அப்படியே கிடக்கு, யாரு கழுவறது?”

அவள் சாவியை உருவினாள். அந்த வீட்டில் ஒரு பொருளை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது மேடத்தின் கண்டிப்பு. பூந்தொட்டியைச் சற்றே சாய்த்து, சாவியை அதன் இடத்தில் வைத்து, தொட்டியைச் சத்தம் வராமல் நேராக்கினாள்.

படியிறங்கும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு வழுக்கைத் தலை மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது. அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவருக்குத் தெரிய வழியில்லை. அவர் பார்த்ததெல்லாம் கதவைத்தான்.

“ஏம்மா, மேல நாலாவது மாடியில ஆள் இருக்காங்களா?”

“நிறையப் பேர் இருக்காங்க சார்.”

“வீட்டுக்காரங்க?”

“அவங்களும்தான்.”

“அப்பாடா. இன்னைக்கு வேலை சுலபமா முடிஞ்சுடும்,” என்று அவர் மேலே போனார்.

அவள் பாதி மாடி இறங்கினாள். பஸ்ஸைப் பிடிக்கத்தான் போக வேண்டும். ஆனாலும் ஆசை யாரை விட்டது? படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். மேலே மணி அடித்தது.

“வீட்டுல யாரு?”

ஏகப்பட்ட குரல்கள் ஒன்றாக எழுந்தன. ஆய்வாளர் அடங்கும்வரை காத்திருந்தார்.

“வீட்டுக்காரங்க இருக்காங்களா?”

“நான்தான் வீட்டுக்காரி! கதவைத் தொறங்க!”

“நீங்கதான் மேடம் தொறந்து விடணும்.”

“வெளியே பூட்டியிருக்கே!”

“தெரியுது மேடம். நீங்க உள்ளே இருந்துக்கிட்டு வெளியே பூட்டி வெச்சிருக்கீங்க. இப்படி ஒண்ணு எங்க முறையிலேயே இல்ல.”

“ஐயோ, சாவி அங்கேயேதான்யா இருக்கும்! பூந்தொட்டிக்குக் கீழே பாரு!”

“பார்க்கவே வேணாம் மேடம். அது அங்கதான் இருக்கும். போன தடவையே உள்ளேருந்து சொன்னாங்க.”

“யாரு சொன்னா?”

“யாருன்னு எழுதலை மேடம். யாரும் இல்லைன்னுதான் எழுதியிருக்கேன்.”

இப்போது ஒரு கனத்த குரல் குறுக்கிட்டது. “யோவ், நான் இயக்குநர் பேசறேன். அந்தச் சாவியை எடுத்துத் தொற!”

“வணக்கங்கய்யா. அடையாள அட்டையைக் கதவிடுக்குல காட்டுங்க.”

“அது வெளியே கூடையில இருக்குய்யா!”

துண்டை விலக்கும் சத்தம். “ஆமாங்கய்யா, இருக்கு. ஆனா, இந்த அட்டைக்கு உரியவரும் உள்ளே இருக்கறவரும் ஒரே ஆள்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? கூடையில நிறைய அட்டை இருக்கே. நீங்க எதுல வேணா இருக்கலாம்.”

“முட்டாள்! பூட்டைத் தொட்டுத் தொறக்கச் சொல்றேன்!”

“அடுத்தவங்க பூட்டைத் தொடக் கூடாதுன்னு சுத்தறிக்கை இருக்குங்கய்யா.”

“அதுல கையெழுத்துப் போட்டதே நான்தான்யா!”

“அப்ப உங்களுக்கே தெரியும்.”

கூடையில் போன்கள் ஒன்று மாற்றி ஒன்று அடித்தன. அடுத்தவர் போனை எடுக்க ஆய்வாளர் வளர்ந்த விதம் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் இளகிய மனசுக்காரர் அல்லவா? ஒரு வழி சொன்னார். “பூட்டின வீட்டுக்குள்ள வேலை செய்யறவங்க இருந்தா, மேலிடத்துக்கு எழுதி உடைக்க உத்தரவு வாங்கலாம். உள்ளே யாராவது வேலை செய்யறீங்களா?”

அந்தக் கேள்வி அங்கே கேட்கப்பட்டதே இல்லை.

“நான் வேலை செய்யறேன்! மகளிர் வட்டத் தலைவி!” என்றார் மேடம்.

“அது பதவி மேடம். வேலை என்னன்னு கேட்டேன்.”

சட்டென்று எதிர்வீட்டு அம்மாளுக்கு யோசனை உதித்தது. “தட்டு கழுவுங்க! சத்தம் கேக்கற மாதிரி கழுவுங்க!” அடுத்த நிமிஷம் உள்ளே குழாய் திறந்தது, தட்டுகள் மோதின, கோப்பைகள் உருண்டன. யாரோ பெருக்கினார்கள். யாரோ எதையோ போட்டு உடைத்தார்கள். “நான் துடைக்கறேன்யா! கேக்குதா?” என்று இயக்குநர் கத்தினார்.

படியில் உட்கார்ந்திருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டைத் துடைக்கும் லட்சணம் கீழேவரை கேட்டது.

“கேக்குதுங்கய்யா,” என்றார் ஆய்வாளர். “எல்லாரும் வேலை செய்யறீங்க. ரொம்பச் சரி. கடைசியா ஒரே கேள்வி. யாராவது கட்டாயப்படுத்திச் செய்ய வெக்கறாங்களா?”

இந்த இடத்தில் மேடம் ஒரு விநாடி வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லோரும் தப்பித்திருப்பார்கள். ஆனால் இது அவர் வருஷக்கணக்காகப் பதில் சொல்லிப் பழகிய கேள்வி. யோசிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

“எங்க வீட்டுல யாரையும் கட்டாயப்படுத்தினதே கிடையாது!”

“அப்ப ஒரு குறையும் இல்ல,” என்றார் ஆய்வாளர் நிம்மதியாக. கதவிடுக்கில் தாள் செருகப்படும் சத்தம் கேட்டது. அதன்பின் உள்ளே எழுந்த கூச்சலை அவர் வேலைக்காரர்களின் உற்சாகமாக எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டு மணியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். யாரும் வரவில்லை. படியிறங்கினார்.

பாதி மாடியில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது.

“நல்லவேளை, இருக்கீங்களா! அக்கம்பக்கத்துச் சாட்சி ஒண்ணு குறையுது. இல்லாம போனா ஆபீஸ்ல என்னைத் தொலைச்சுடுவாங்க. நீங்க இந்தக் கட்டடம்தானே?”

“இத்தனை நாளா இங்கேதான் சார் இருந்தேன்.”

“போதும், போதும். மேல அந்த வீட்டுல வேலை செய்யறவங்களை எப்படி நடத்தறாங்க?”

அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். கதவைப் பல கைகள் சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தன. ‘நான் இருக்கேன், நான் இருக்கேன்’ என்று ஒரு குரல் தனியாகக் கேட்டது. யாருடைய குரல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பூட்டின கதவுக்குப் பின்னால் எல்லாக் குரலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அவளுக்கு நாக்கின் நுனிவரை ஒரு சொல் வந்துவிட்டது. கையிலிருந்த பழைய போனை இறுக்கிப் பிடித்தாள். ஊருக்குக் கடைசி பஸ் இருட்டுவதற்குள் புறப்பட்டுவிடும். மகள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

“வீட்டு மனுஷங்க மாதிரி பாத்துக்கறாங்க சார்,” என்றாள்.

“அப்படி ஒரு சத்தம் வருதே, அது என்ன?”

“டிவியா இருக்கும்.”

ஆய்வாளர் திருப்தியாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார். “உங்க பேரும்மா?”

யாரும் குறுக்கே பதில் சொல்லவில்லை. அவள் தன் பெயரைச் சொன்னாள். சொல்லி நாளாகிவிட்டதால் முதலில் கொஞ்சம் தடுமாறியது. அவர் எழுத்து எழுத்தாகக் கேட்டு அழகாக எழுதினார்.

துறையின் பதிவில் இன்றைக்கும் அந்தப் பெயர் இருக்கிறது, நாலாவது மாடி வீட்டைப் பற்றி முழுத் திருப்தி தெரிவித்த அக்கம்பக்கத்துக்காரராக.